பலகாரக் கணக்குக்கு ஆர்ச் லினக்ஸ்: கையால் நிறுவி ஏழு மாதம் ஓட்டிய பிறகு

கோட்டையூரில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் பலகாரம் சுட்டு விற்கிறோம். மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம், கல்யாண மாதங்களில் மாவுருண்டை. நாலு பேர் வேலைக்கு வருகிறார்கள். ஆர்டர், பாக்கி, மளிகைக் கொள்முதல், டப்பாவில் ஒட்டும் லேபிள் எல்லாமே 2015இல் வாங்கிய ஒரு லேப்டாப்பில்தான். 4 ஜிபி ராம், இண்டெல் ஐந்தாம் தலைமுறை ப்ராசஸர், இருபது நிமிடம்கூடத் தாங்காத பேட்டரி. போன ஆடியில் அது எழுந்து உட்காரவே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது. அதிலிருந்த இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தம் வராது என்று அறிவிப்பு வேறு. அடுத்த பதிப்பு இந்த ப்ராசஸரை ஏற்காது.

காரைக்குடியில் ஒரு கடையில் காட்டினேன். "ஆச்சி, இதுல இனிமே காசு போடாதீங்க, புதுசு வாங்கிருங்க" என்றார் அந்தத் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. கீபோர்டு நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது. பழைய சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி மட்டும் போடச் சொன்னேன்.

அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். "சித்தி, மின்ட் போட்டுத் தர்றேன். அரை மணி நேரம்தான்" என்றான். அவன் சொன்னது நியாயம். லினக்ஸ் மின்ட் நல்ல இயங்குதளம், நிறுவுவதும் எளிது. ஆனால் எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது. பழைய இயங்குதளத்தில் நான் கேட்காமலே வந்து உட்கார்ந்த நிரல்கள் எத்தனை என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. எது எதற்கு, எடுத்தால் என்ன ஆகும், ஒன்றும் தெரியாது. எங்கள் அப்பச்சி இளவயதில் பினாங்கில் எங்கள் பக்கத்தார் தொழில் நடத்திய கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவிப் பையனாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் வரை உயர்ந்தவர்கள். "பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாம ஒரு சல்லி உள்ளே வந்தாலும் தப்பு, வெளியே போனாலும் தப்பு" என்று சொல்வாக. இந்த லேப்டாப்பை அப்படி வைத்துக்கொள்ள முடியுமா என்று தேடப்போய்த்தான் ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸுக்கு வந்து சேர்ந்தேன்.

ஆர்ச் லினக்ஸை 2002 மார்ச்சில் முதன்முதலாக வெளியிட்டவர் கனடாக்காரர் ஜட் வினெட். க்ரக்ஸ் என்ற மற்றொரு சிறிய லினக்ஸின் எளிமை அவருக்குப் பிடித்திருந்தது. இதில் பதிப்பு எண் கிடையாது. ஒருமுறை நிறுவினால் அதன்பின் சிறுகச் சிறுகப் புதுப்பித்துக்கொண்டே போவதுதான். நிறுவியதும் கிடைப்பது ஒரு கறுப்புத் திரையும் கட்டளை வரியும் மட்டும். டெஸ்க்டாப், உலாவி, எழுத்துரு, ஒலி, பிரிண்டர் எதுவும் இருக்காது. வேண்டுமென்றால் நாமே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். 32 பிட் ஆதரவு 2017லேயே நின்றுவிட்டது, ஆகவே மிகப் பழைய கணினி வைத்திருப்பவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம்.

நிறுவுவதற்காக இறக்க வேண்டிய ஐஎஸ்ஓ கோப்பு ஒன்றரை ஜிபி அளவு. இறக்கியதும், கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணை, தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டேன். பென் டிரைவில் எழுதியது அக்கா மகனின் கணினியில். எழுதும்போது எந்தச் சாதனம் பென் டிரைவ், எது அவனுடைய டிஸ்க் என்று, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பென் டிரைவில் எழுதும் டிடி கட்டளை "நிச்சயமா?" என்று கேட்காது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஐஎஸ்ஓவுக்குள்ளேயே ஆர்ச்இன்ஸ்டால் என்ற உதவி நிரல் 2021 முதல் இருக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் அதுவே எல்லாவற்றையும் முடித்துவிடும். நான் அதைத் தொடவில்லை. ஆர்ச்சின் நிறுவல் வழிகாட்டிப் பக்கத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, பழைய ஆர்டர் நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் ஒவ்வொரு கட்டளையையும் முதலில் கையால் எழுதி, அது என்ன செய்கிறது என்று ஒரு வரி தமிழில் எழுதி, அதற்குப் பிறகுதான் தட்டினேன். இரண்டு மாலையும் ஒரு காலையும் ஆயின.

முதல் மாலை. பட்டாசாலையில் பாய் விரித்து, சுவரோரம் இருந்த ப்ளக்கில் மாட்டி உட்கார்ந்தேன். இணையத்துக்குப் போனை யூஎஸ்பி ஒயரில் செருகினேன், தானாகவே பிடித்துக்கொண்டது. வைஃபை வேண்டுமென்றால் ஐடபிள்யூசிடிஎல் என்ற சின்ன நிரல் இருக்கிறது. டிஸ்க்கை மூன்றாகப் பிரித்தேன்: தொடக்கத்துக்கு 1 ஜிபி, ராம் நிறைந்தால் கைகொடுக்கும் ஸ்வாப் 4 ஜிபி, மிச்சம் எல்லாம் இயங்குதளமும் கோப்புகளும் உட்காரும் ரூட்டுக்கு. ஃபார்மட் செய்து, மவுன்ட் செய்து, பேக்ஸ்ட்ராப் கட்டளையைக் கொடுத்தேன். இதுதான் நிறுவலின் நெஞ்சு. பேஸ், லினக்ஸ், லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்று மூன்று பெயர் சொன்னால், அவற்றையும் அவற்றுக்குத் துணையாக வேண்டியவற்றையும் இணையத்திலிருந்து இறக்கி, புது டிஸ்க்கில் அடுக்கத் தொடங்கும். வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. அத்தை வந்து எட்டிப் பார்த்து, "என்னத்தா, கோலம் மாதிரி ஓடுது" என்றாக.

பாதியில் ஆடிக்காற்றில் கரண்ட் போனது. பேட்டரி கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்து அணைந்துவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்து வெளிச்சம் வந்து மறுபடி பென் டிரைவிலிருந்து ஏற்றினால், முதலில் பார்த்த அதே வெறும் திரை. எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். எல்எஸ்பிஎல்கே அடித்தால், நான் பிரித்த மூன்று பகுதியும் அப்படியே இருக்கின்றன! அந்த நிமிடத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. பென் டிரைவிலிருந்து ஏறும் தற்காலிக அமைப்பு முழுக்க ராமில் ஓடுகிறது, கரண்ட் போனால் அது போகும். டிஸ்க்கில் எழுதியது டிஸ்க்கில் இருக்கும். மவுன்ட் என்பது இரண்டையும் இணைக்கும் தற்காலிக முடிச்சு, அதை ஒவ்வொரு முறையும் நாம்தான் போட வேண்டும். படித்தபோது தலையில் ஏறாத விஷயம். பாதி நிறைந்த ரூட்டில் எந்தக் கோப்பு முழுசு, எது அரைகுறை என்று எனக்குத் தெரியாது, அதனால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி ஃபார்மட் செய்து முதலிலிருந்து பேக்ஸ்ட்ராப் கொடுத்தேன். பதம் வராத பாகில் மாவைக் கொட்டிவிட்டு அதிரசம் வரும் என்று காத்திருக்க முடியாதில்லையா.

அடுத்தது ஜென்எஃப்எஸ்டேப். எந்தப் பகுதி எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்ற பட்டியலை எழுதிக் கொடுக்கும். எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் போட்டால், இன்னொரு டிஸ்க்கைச் செருகும்போது வரிசை மாறிவிடலாம். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள யூயூஐடி என்ற நீண்ட எண்ணைப் போடச் சொல்கிறார்கள். எனக்கு இது உடனே விளங்கியது. ஊரில் பத்து மெய்யப்பன் இருந்தாலும் விலாசம், அதாவது குடும்பத்து முன்னெழுத்துக்களைச் சொன்னால் எந்த வீடு என்று தெரிந்துபோகும். எங்கள் பக்கம் அந்த முன்னெழுத்துக்களை வைத்துத்தானே கடல் தாண்டியும் கடை நடத்தினார்கள்.

ஆர்ச்-க்ரூட் கொடுத்துப் புது அமைப்புக்குள் நுழைந்ததும் நேர மண்டலம். சென்னை என்று பெயர் கிடையாது, ஆசியாவின் கீழ் கொல்கத்தாதான். அது இரண்டு நிமிட வேலை. அதன்பின் லொக்கேல்.ஜென் என்ற கோப்பைத் திறக்கச் சொன்னார்கள். உலக மொழிகளின் நீண்ட பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு ஹேஷ் குறி. வேண்டிய மொழிக்கு முன்னால் உள்ள குறியை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நானோ எடிட்டரில் கீழே இறங்கிக்கொண்டே போனேன். தமிழ் இருந்தது, இரண்டு வரி. ஒன்று இந்தியாவுக்கு, ஒன்று இலங்கைக்கு. ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ உட்கார்ந்து தமிழுக்கு மாதப் பெயர், கிழமைப் பெயர், ரூபாய் எழுதும் முறை எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அது இந்த வெற்று அமைப்பின் அடித்தளத்திலேயே, ஒரு டெஸ்க்டாப்கூட வருவதற்கு முன்பே, இருக்கிறது. இந்திய வரியின் குறியை எடுத்தேன்.

ஆனால் முதன்மை மொழியை உடனே தமிழாக மாற்றாதீர்கள். லினக்ஸின் அந்தக் கறுப்புத் திரைக்குச் சில நூறு எழுத்துருவங்களைத்தான் காட்டத் தெரியும். கொம்பும் சுழியும் சேர்ந்துவரும் எழுத்துக்களை அதனால் வரைய முடியாது, கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நிறுவி முடிக்கும்வரை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்வதுதான் வழி. மொழிக்காகவே இதில் இறங்குகிறவர்களுக்கு இது மனசு நோகும் இடம், எனக்கு நொந்தது.

கணினி எழும்போது இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட்லோடருக்கு வழிகாட்டி நேரான விடை தராது. "ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுவிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி இன்னொரு பக்கத்துக்கு அனுப்பிவிடும். க்ரப் பலரும் போடுவது. நான் சிஸ்டம்டி-பூட் போட்டேன். காரணம், அது கேட்பது இரண்டு சின்ன உரைக்கோப்பு, அதில் வரும் ஒவ்வொரு வரியையும் நானே எழுதலாம். ரூட்டின் யூயூஐடியைத் தட்டும்போது நோட்டில் எழுதியதோடு நாலு முறை சரிபார்த்தேன். ப்ராசஸருக்கான திருத்தமான இண்டெல் மைக்ரோகோடையும் மறக்காமல் சேர்த்தேன்.

பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட். வந்துவிட்டது! நான் வைத்த பெயரோடு, "வளவு" என்பதை ஆங்கில எழுத்தில் போட்டு, லாகின் கேட்டு நின்றது. ராத்திரி பதினொன்றரை மணி, வீட்டில் எல்லோரும் தூங்கியிருந்தார்கள்.

மறுநாள் காலை டெஸ்க்டாப் போடலாம் என்று, நிரல்களை நிறுவும் பேக்மேன் கட்டளை கொடுத்தால், இணையம் இல்லை. ஐடபிள்யூசிடிஎல்லைக் கூப்பிட்டால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. போனைச் செருகினாலும் பிடிக்கவில்லை. நேற்றெல்லாம் வேலை செய்தது இன்று எங்கே போனது? பென் டிரைவில் இருந்த அமைப்பு வேறு, நான் கட்டிய அமைப்பு வேறு. இதற்குள் நெட்வொர்க் நிரல் எதையும் நான் கூப்பிடவே இல்லை. வழிகாட்டியில் அது ஒரே ஒரு வரியாக இருந்தது, நோட்டில் எழுதாமல் தாண்டிவிட்டிருக்கிறேன். தவறு என்னுடையதுதான். மறுபடி பென் டிரைவ், மறுபடி மவுன்ட், மறுபடி ஆர்ச்-க்ரூட், நெட்வொர்க்மேனேஜரை நிறுவி, கணினி எழும்போதே அது ஓடும்படி சிஸ்டம்சிடிஎல் மூலம் எனேபிள் செய்து வெளியே வந்தேன். பத்து நிமிடம்தான் ஆனது. முதல் மாலை கரண்ட் போய் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்திருந்ததால் கை தானாகவே போயிற்று. இதைப் படித்து இறங்குகிறவர்கள் இந்த வரியை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வெளியே வருமுன் நெட்வொர்க்.

டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ. கனமில்லாதது, 4 ஜிபிக்குப் பொருத்தம். உலாவியைத் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் வெறும் பெட்டி. எழுத்துருவையும் நான்தானே கூப்பிட வேண்டும், நோட்டோ எழுத்துருத் தொகுப்பைப் போட்டதும் சரியானது. தட்டச்சுக்கு ஐபஸ்ஸும் அதோடு எம்17என்னும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை அதில் இருக்கிறது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு, ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும். "பட்டாசாலை" என்று முதல் சொல்லைத் தட்டிப் பார்த்தேன், விழுந்தது. ஐபஸ்ஸுக்கு மூன்று சூழல் மாறிகளை எழுதிவைக்க வேண்டியிருந்தது, அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போனது. லிப்ரெஆபீஸ், லேபிள் பிரிண்டருக்கு கப்ஸ், அதற்கும் ஒரு எனேபிள். இவ்வளவும் முடிய ஒரு வாரம் ஆனது, மாவு அரைக்கும் வேலைக்கு நடுவே நடுவே.

இப்போது லேப்டாப் இருபது வினாடியில் எழுந்து நிற்கிறது. சும்மா இருக்கும்போது 600 எம்பி சுற்றளவில்தான் ராம் எடுக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரே நேரத்தில் ஆர்டர் ஷீட்டும் உலாவியும் லேபிளும் திறந்திருந்தும் நின்றதில்லை. வேகத்துக்காக மட்டும் என்றால் மின்ட்டே போதும், இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

ஆர்ச்சில் எனக்குப் பிடித்தது அதன் கணக்கு. எங்கள் பக்கம் அன்றாடம் வந்தது போனதைக் குறிப்பில் எழுதி, பேரேட்டில் பெயர்த்து, கடைசியில் ஐந்தொகை எடுப்பார்கள். பேக்மேனுக்கு அப்படி ஒரு குறிப்பு உண்டு: வார் லாக் அடைவுக்குள் பேக்மேன்.லாக். எந்தத் தேதி, எந்த மணி, எது வந்தது, எது மாறியது, எது போனது, ஒன்றுவிடாமல் வரி வரியாக இருக்கும். ஐந்தொகையும் உண்டு: க்யூஇ என்ற இரண்டெழுத்து விருப்பத்தைக் கொடுத்தால், துணைக்கு வந்தவற்றை விட்டுவிட்டு, நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டவற்றை மட்டும் பட்டியலிடும். என்னுடையதில் இன்றைக்கு 64. ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்று என்னால் சொல்ல முடியும். யாருக்கும் தேவைப்படாமல் தங்கிவிட்ட துணைகளைத் தனியாகக் காட்டவும் ஒரு விருப்பம் இருக்கிறது, மாதம் ஒருமுறை அதைப் பார்த்துப் பெருக்கிவிடுகிறேன்.

இன்னொன்று. அமைப்புக் கோப்பு ஒன்றை நான் திருத்தி வைத்திருக்கிறேன், புதுப்பிப்பில் அதே கோப்பின் புதிய வடிவம் வருகிறது என்று வையுங்கள். பேக்மேன் என் எழுத்தின் மேல் எழுதுவதில்லை. புதியதைப் பக்கத்தில் பேக்நியூ என்ற பின்னொட்டோடு வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடும். ஒப்பிட்டுப் பார்த்து எடுத்துக்கொள்வது என் பொறுப்பு. இன்னொருவர் எழுதிய கணக்கில் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்று அறிந்தவர்கள் செய்த நிரல் இது.

இதற்கு ஈடாக அது நம்மிடம் கேட்பது ஒழுங்கு. புதுப்பித்தால் முழுதாகப் புதுப்பிக்க வேண்டும். பட்டியலை மட்டும் புதுப்பித்து ஒரே ஒரு நிரலை நிறுவுவது பழையதும் புதியதும் ஒட்டாமல் போகிற வழி, அதற்கு ஆதரவு இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். கட்டளை கொடுக்குமுன் ஆர்ச் தளத்தின் முகப்புச் செய்தியைப் படிக்க வேண்டும், கையால் ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் அங்கே போட்டிருப்பார்கள். நான் ஞாயிறு சாயங்காலம் அடுப்பு அணைந்த பிறகு செய்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின மூன்று வாரம் தொடுவதில்லை, அந்த நேரத்தில் பில் போட முடியாமல் போனால் ஒரு வருஷ வாடிக்கை போய்விடும். இடைவெளி நீண்டுபோனால் முதலில் கையொப்பச் சாவிகள் இருக்கும் ஆர்ச்லினக்ஸ்-கீரிங்கைப் புதுப்பித்து, உடனே மற்றதையும் முழுதாகப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் நிரல்களின் கையொப்பத்தைச் சரிபார்ப்பதில் தடுக்கும்.

ஆர்ச்சின் உதவிப் பக்கங்கள் அடங்கிய ஆர்ச்விக்கி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிண்டரோ, எழுத்துருவோ, பேட்டரியோ, எதைத் தேடினாலும் ஒரு பக்கம் இருக்கிறது, அதுவும் "இதைத் தட்டு" என்று மட்டும் சொல்லாமல் ஏன் என்று சொல்லும் பக்கம். வேறு லினக்ஸ் வைத்திருப்பவர்களும் அங்கேதான் போகிறார்கள். கோட்டையூரில் இருந்தபடி ஒருவர், ரோஜா முத்தையா, கிடைத்த புத்தகத்தையும் இதழையும் அழைப்பிதழையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்தார். இன்று சென்னையில் அவர் பெயரிலுள்ள நூலகத்துக்கு உலகமெங்குமிருந்து ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள். சேர்த்து வைப்பதும் அடுக்கி வைப்பதும் எவ்வளவு பெரிய உபகாரம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், விக்கியை அந்த மரியாதையோடுதான் படிக்கிறேன். நான் படித்தது முழுக்க ஆங்கிலத்தில். அது எனக்கு முடிந்தது, என்னிடம் வேலை பார்க்கும் அக்காமார் யாருக்கும் முடியாது. நோட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் தமிழில் எழுதிய அந்த ஒரு வரிக் குறிப்புகளை இப்போது நன்றாக எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

யாருக்குச் சொல்வேன்? பொறுமையாக உட்கார இரண்டு நாள் இருப்பவர்களுக்கு, வேறொரு கணினியோ போனோ கைவசம் இருப்பவர்களுக்கு, பழைய லேப்டாப்பிலுள்ள கோப்புகளை முன்னமே வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொண்டவர்களுக்குச் சொல்வேன். நாளைக்கே பில் போட வேண்டும் என்றால் சொல்ல மாட்டேன், மின்ட் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை செய்து பாருங்கள் என்றும் சொல்வேன். 5க்கு 4. குறைத்த ஒன்று, கறுப்புத் திரையில் தமிழைப் பார்க்க முடியாததற்கு.

நிறுவி முடிந்ததும் பென் டிரைவை அழித்து வேறெதற்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். என்றைக்காவது லேப்டாப் எழவில்லையென்றால் உள்ளே நுழைய அதுதான் வழி. என்னுடையது உக்கிராண அறைச் சாவிக்கொத்தில் தொங்குகிறது. மூன்று பகுதிகளின் யூயூஐடி, எது எங்கே மவுன்ட் என்ற நாலு வரி, ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில்.